மழைக்கு முன் வாங்கிய மொத்தச் சரக்கு

மாதத் தொடக்கத்தில் நாம் நாலைந்து பேர் கூடி உட்காரும்போது உங்களுக்கெல்லாம் ஒரு பேச்சு வந்துவிடுகிறது. அரிசியை மூட்டையாக எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு மிச்சம், எண்ணெயை டின்னாக வாங்கினால் இவ்வளவு மிச்சம் என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். நான் மட்டும் பாதியில் எழுந்து போய்விடுகிறேன். இவளுக்கு உட்கார்ந்த இடத்தில் முள் குத்தும் என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழாமல் இல்லை. போனது முழங்கால்தான், காது இன்னும் நன்றாகவே இருக்கிறது. எழுந்து போவதற்கான காரணத்தை நேரில் சொல்ல எனக்குப் பொறுமை போதாது. நான் பாதி சொல்வதற்குள் உங்களில் ஒருத்தி தன் மருமகள் கதையை ஆரம்பித்துவிடுவாள். அதனால் எழுதித் தருகிறேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குப் பதிமூன்று. வாலிநோக்கத்தில் உப்பளத்தை ஒட்டி எங்கள் ஓலை வீடு. அய்யா பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பு வாருவார். அம்மா அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டுவாள். இரண்டு பேருக்கும் உள்ளங்கால் வெடித்து வெள்ளையாகக் கிடக்கும். தை மாதம் பாத்தியை மிதித்துச் சரிசெய்து தொடங்கினால் புரட்டாசி முடியும் வரை வேலை உண்டு. ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்ததும் அளம் மூடிவிடும். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஊரில் யாருக்கும் கூலி கிடையாது. வானம் வெளுக்கும் வரை வயிற்றைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்த மூன்று மாதமும் எங்கள் தெரு முழுவதும் உயிர் பிடித்திருந்தது ஒரே ஒரு கடையில்தான். காலணாவுக்கு மிளகாய், அரையணாவுக்குப் புளி, ஆழாக்குப் பருப்பு என்று அன்றன்றைக்கு வாங்குவோம். பழைய காகிதத்தைச் சுருட்டி அதற்குள் போட்டுத் தருவார் கடைக்காரர். புளியில் பாதி கொட்டை இருக்கும். மிளகாயில் பாதி காம்பு இருக்கும். சின்னச் சின்னதாக வாங்குவதால் எல்லாமே ஒன்றுக்கு ஒன்றரை விலை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் கையில் காசில்லாமல் போய் நின்றவர்களை அவர் ஒருநாளும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் தை பிறந்ததும் கடனைக் கேட்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

முந்தைய மழை முடிந்து அப்படி வந்தபோது அம்மாவின் பித்தளைக் குடமும் மூக்குத்தியும் போயின. போகிற போக்கில் அவர் ஒரு யோசனையும் சொன்னார்.

"கடலாடியில எம் மக பிள்ளை பெத்திருக்கா தாயி. கூடமாட ஒரு ஆளு இல்லாமத் தவிக்கிறா. மூத்தவள அனுப்பி வச்சீகன்னா பிள்ளையத் தூக்கி வச்சுக்கிருவா. அவளுக்கும் மூணு நேரம் சோறு. இங்கன உங்களுக்கும் பாரம் குறையும்."

 அம்மா குடத்தை இன்னொரு முறை புளி போட்டு விளக்கி அவர் கையில் கொடுத்தாள். இந்த முறை கொடுத்தாகிவிட்டது, அடுத்த மழைக்குக் கொடுக்க வீட்டில் அக்காவைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. குடம் போன இடத்தில் மண்பானை வந்ததில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அன்றிலிருந்து அம்மா ஓர் இடத்தில் இருக்கவில்லை. கஞ்சி குடிக்கும்போதும் நின்றுகொண்டே குடித்தாள். தலையில் கூடையோடு நடக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். அவள் பிறந்தது கமுதிப் பக்கம் கரிசல் காட்டில். அங்கே அறுப்பு முடிந்ததும் வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாகக் குதிரில் கொட்டி மூடிவிடுவார்களாம். கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் அன்றாடம் காலணாவை நீட்டுவது அவளுக்குக் கடைசிவரை பழகவே இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் அய்யா சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"மழைக்கு வேண்டியத இப்பவே மூட்டையா வாங்கிப் போட்டுருவோம். மண்டியில போயி எடுத்தா பாதி வெலைதான்."

"மூட்டையா? நம்ம வீட்லயா? மந்திரி வீடுன்னு நெனச்சியா?"

"எதிர்வீட்டு லாத்தாவும் சேந்துக்கிறேன்னு சொல்லிட்டாக. ரெண்டு வீடும் ஆளுக்குப் பாதி."

"அப்ப எல்லாம் பேசி முடிச்சிட்டு எங்கிட்டச் சும்மா சொல்ற."

"சொல்றேன்ல. அது போதாதா?"

லாத்தா என்று நாங்கள் கூப்பிட்டது எதிர்வீட்டு முஸ்லிம் பெண்மணியை. அவருடைய கணவர் தோணியில் சரக்கேற்றிக் கொழும்புக்குப் போய் வருகிறவர். கடல் கொந்தளிக்கும் மழை மாதங்களில் தோணி கரையேறிவிடும், அவருக்கும் எங்களைப் போலவே வருமானம் நின்றுவிடும். மூன்று சின்னப் பிள்ளைகள். லாத்தா வாய்நிறைய வெற்றிலையோடு பேசுவார், பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இரண்டு பெண்களும் ஆடி முழுவதும் ஆவணி பாதிவரை எதையெதையோ குறைத்துக் குறைத்துச் சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் எண்ணெய் நின்றது. தலைக்கும் இல்லை, தாளிக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என் தலையைப் பார்த்து வாத்தியார், வைக்கோல்போர் வருகிறது என்றார்.

ஆவணிக் கடைசியில் அய்யாவும் அம்மாவும் இராமநாதபுரம் போனார்கள். உப்பு ஏற்றிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற லாரி திரும்பும்போது வெறுமனேதான் வரும். லாரிக்காரர் அய்யாவுக்குப் பழக்கம் என்பதால் வண்டிக் கூலியும் மிச்சம். நான் அழுது புரண்டு கூடப் போனேன். அக்கா வீட்டில் இருந்துவிட்டாள். மண்டிக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. உருண்டை உருண்டையாக முண்டு மிளகாய் என் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அம்மா ஒவ்வொரு மூட்டையிலும் கையை விட்டு அடிவரை துழாவினாள். இரண்டு அரிசியை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். பருப்பை உள்ளங்கையில் உருட்டி ஊதினாள். அவள் அவ்வளவு தெம்பாக ஒரு கடையில் நின்று நான் பார்த்ததே கிடையாது.

விலை பேசி முடித்ததும் மண்டிக்காரர் கேட்டார்.

"சாக்கு எங்களுதா, உங்களுதா? எங்களுதுன்னா அதுக்குத் தனி."

அய்யா இதற்காகவே காத்திருந்ததுபோல் கக்கத்திலிருந்த கட்டை அவிழ்த்தார். உப்பளத்தில் சும்மா கிடைத்த பழைய உப்புச் சாக்குகள். உதறியபோது வெள்ளைப் பொடி பறந்தது.

அம்மா முகம் மாறியது. "உப்புச் சாக்கா? இதுலயா அரிசியக் கொட்டுறது?"

"ஏன், உப்புல என்ன கொறை? கருவாடு கெட்டுருக்கா? மாங்கா கெட்டுருக்கா? உப்புல கெடந்த பொருளு கெட்டதா நீ எங்கனயாச்சும் பாத்திருக்கியா?"

"எங்க ஊர்ல சாம்பலும் வேப்பெலையும்தான் போடுவோம்."

"உங்க ஊர்ல உப்பு கெடையாது. அதனால சாம்பலப் போட்டீக."

மண்டிக்காரர் சிரித்தார்.  நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில் புருஷனை மறுத்துப் பேச அம்மாவுக்கு வாய் வராது. ஒரு மூட்டை புழுங்கல் அரிசி, ஒரு மூட்டை கம்பு, அரை மூட்டை துவரம்பருப்பு, புளி, மிளகாய், ஓலைக் கொட்டான் ஒன்றில் கருப்பட்டி. எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி மேலே என்னை உட்கார வைத்தார்கள். வழியெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று நான் பார்த்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் அய்யா இன்னொரு காரியம் செய்தார். கரையான் ஏறாமலிருக்க மூலையில் நாலு விரல் உயரத்துக்கு உப்பைப் பரப்பி, அதன்மேல் மூட்டைகளை அடுக்கினார். ஆவணி வெயிலில் அந்த உப்பு கால்பட்டால் நொறுநொறுவென்று இருந்தது. ஊரில் நாலு பேர் வந்து பார்த்து, நல்ல யோசனை என்று சொல்லிப் போனார்கள். உப்பில் வேலை செய்கிறவர்கள் உப்பைச் சந்தேகப்படுவதில்லை. மழைக்காலத்தில் கரையில் குவித்த உப்பு வேர்த்து வடிவதை வருடந்தோறும் பார்க்கிறவர்கள்தான் அத்தனை பேரும். அது அளத்தில் நடப்பது, வீட்டுக்குள் நடக்காது என்று எப்படி நினைத்தார்களோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அம்மா கோணி ஊசியால் மூட்டை வாய்களை நெருக்கமாகத் தைத்தாள். தையல்மேல் சாணிப்பாலைத் தொட்டுத் தொட்டுக் குறி போட்டாள். அவளுடைய ஊர்க் களத்தில் நெல்லைக் குவித்ததும் அப்படித்தான் குறி போடுவார்களாம். யாராவது கை வைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிறகு எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னாள்.

"அளம் மூடுற அன்னைக்குத்தான் இதப் பிரிக்கிறது. அதுக்கு முன்னாடி எவ கையாச்சும் இதுல பட்டுச்சு, அந்தக் கையில சூடு போட்டுருவேன். பாதி லாத்தாவோடது. ஒரு அரிசி கொறைஞ்சாலும் நாம திருடுனதா ஆகும்."

புரட்டாசி வந்தது. பாதி வீட்டை மூட்டைகள் அடைத்துக்கொண்டதால் நாங்கள் நாலு பேரும் ஒருக்களித்துப் படுத்தோம். திரும்ப வேண்டுமென்றால் எல்லோரும் சேர்ந்து திரும்ப வேண்டும். வீடு முழுக்கக் கருப்பட்டி வாசம். ஆனால் சாப்பாடு மட்டும் பழைய மாதிரியே காலணாவுக்கு வாங்கிய நொய்க் கஞ்சி. அதுவும் முன்பைவிடத் தண்ணீராக. எனக்கு அம்மாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே பட்டினி போடுகிற தாய் உலகத்தில் வேறு எவளாவது உண்டா என்று நினைத்தேன். பிசினாறி என்று ஒருநாள் சொல்லியும் விட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது.

அம்மாவுக்கும் நிலைகொள்ளவில்லை. உப்புக் கூடையை இறக்கிவைத்த கையோடு ஓடிவந்து மூட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்து குறியைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடுவாள். லாத்தாவும் மாலை அசர் தொழுகை முடிந்ததும் தினம் ஒருமுறை வந்து வாசலிலிருந்தே எட்டிப் பார்ப்பார். "அல்லா காப்பாத்துவான் தங்கச்சி. இந்த மழைக்கு அந்த மனுசன் கடை வாசல்ல நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "என்ன தாயி, உங்க வீட்ல இப்பல்லாம் நொய்யும் வத்திப்பெட்டியும் வாங்க மட்டும்தான் வாரீக போல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதை அம்மாவிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, எண்ணெய் இல்லாத தலையை வெகுநேரம் கோதிவிட்டாள். இந்த வருடம் அக்காவை யாரும் கேட்க முடியாது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

புரட்டாசிக் கடைசியில் கொண்டல் காற்று திரும்பியது. கடல் பக்கமிருந்து ஈரம் வந்து எல்லாவற்றின்மேலும் படிந்தது. வத்திப்பெட்டி உரசினால் பற்றவில்லை. காயப்போட்ட சேலை மூன்று நாளானாலும் ஈரமாகவே தொங்கியது. அப்படி ஒரு பிற்பகல், வீட்டில் யாரும் இல்லாதபோது கருப்பட்டிக்காக மூட்டைமேல் ஏறினேன். கொட்டானின் ஓலைப் பின்னலை விரலால் விலக்கினால் உள்ளே இருப்பதை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். சாணிக் குறியைத் தொடவே வேண்டாம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குக் குறைவே இல்லை. இறங்கும்போது பிடிக்காக அரிசி மூட்டையின் அடிப்பக்கத்தில் கையை ஊன்றினேன். சில்லென்று இருந்தது.

சாக்கில் ஒரு சின்னக் கிழிசல். அதில் இரண்டு விரலை விட்டேன். மண்டியில் அம்மா துழாவிய அரிசி கலகலவென்று விலகியது. இது விலகவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தேன். ஊறப்போட்டு மறந்த துணியின் நாற்றம். கீழே அய்யா பரப்பிய உப்பு நொறுநொறுப்பு போய்ச் சேறாகக் கிடந்தது.

அந்த வயதிலும் அது என்னவென்று எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. ஓடிப்போய் அளத்தில் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அடியிலிருந்த ஒரு பங்குதான் போயிருக்கும், மீதியைக் கொட்டி வெயில் அடிக்கிற நேரத்தில் காயவைத்து எடுத்திருப்பார்கள். ஆனால் மூட்டைப் பக்கம் நீ ஏன் போனாய் என்று முதலில் கேட்பாள். நகத்துக்குள் கருப்பட்டி இருந்தது. அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கரண்டிக் காம்பு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன்.

அடுத்த பத்து நாள் எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தால் வீட்டுக்கு ஓட வேண்டும்போல் இருக்கும். வீட்டுக்கு வந்தால் கடற்கரைக்கு ஓட வேண்டும்போல் இருக்கும். ஒருநாள் துணிந்து, "அம்மா, அய்யா போட்ட உப்பு ஈரமா இருக்குமோ?" என்று கேட்டேன்.

"உப்பளத்து உப்பு ஈரமா இல்லாம வேற எப்படி இருக்கும்? போயி வெறகு பொறுக்கிட்டு வாடி."

கேட்டாகிவிட்டது, இனி என்மேல் தப்பில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானம் விறகு பொறுக்கி முடியும்வரைகூட நிற்கவில்லை. அக்காவும் அந்த நாட்களில் சரியாக இல்லை. விளக்கின பாத்திரத்தையே திரும்பத் திரும்ப விளக்கினாள். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுந்தாள். கடலாடிப் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கும், அதுதான் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மழை பிடித்தது. அளம் மூடியாயிற்று என்று அய்யா நனைந்துகொண்டே வந்து சொன்னார். அம்மா உடனே லாத்தாவைக் கூப்பிட்டனுப்பினாள். லாத்தா அளப்பதற்குத் தன் வீட்டுப் படியையும் இரண்டு பெரிய பானைகளையும் எடுத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளோடு வந்தார். அம்மா சந்தோஷத்தில் அரிவாள்மணையை எங்கே வைத்தோமென்று தெரியாமல் தேடினாள். குறிகள் கலையாமல் இருப்பதை லாத்தாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். அப்புறம் அரிசி மூட்டையின் தையலை அறுத்தாள்.

மேலே ஒரு சாண் அரிசி சும்மா மங்கியிருந்தது. அதற்குக் கீழே கட்டி கட்டியாகப் பச்சைப் பூசணம். அம்மா கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். நல்ல அரிசி எங்கேயாவது இருக்கும் என்று துழாவினாள். மூட்டையைச் சாய்த்தாள். அரிசி கொட்டவில்லை, கூழ் மாதிரி சரிந்தது. பருப்பு மூட்டையை அறுத்தபோது வந்த நாற்றத்தில் லாத்தாவின் கடைசிப் பிள்ளை வாந்தி எடுத்தது. கம்பு மட்டும் மேலே இருந்ததால் பாதிக்குப் பாதி தப்பியிருந்தது. கருப்பட்டி ஈரத்தில் இளகிப்போயிருந்ததால் நான் சுரண்டிய இடம் யார் கண்ணிலும் படவில்லை.

லாத்தா ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். வெற்றிலையைத் துப்பினார். "எந்த மடையன் தங்கச்சி உப்புச் சாக்குல அரிசியக் கட்டுனது?"

அய்யா வாசலில் நின்றிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சொல்வார் என்று நான் பார்த்தேன். அம்மாவும் ஒரு கணம் பார்த்தாள். அவர் மழையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நாந்தான் லாத்தா" என்றாள் அம்மா. "எம் புத்திதான் இப்படிப் போச்சு."

அய்யா நல்லவர். எங்களை ஒருநாள் கைநீட்டி அடித்தவரில்லை. இருந்தாலும் அந்த ஒரு கணத்துக்காக நான் அவரை மன்னிக்கவே இல்லை. ஊர் முழுவதும் அந்த மழைக்காலம் முழுக்க அம்மாவைத்தான் பேசியது. காலணாவுக்கு வாங்கத் துப்பில்லாதவள் மூட்டை வாங்கப் போனாள் என்றது. அய்யா அந்தப் பேச்சு நடக்கிற இடங்களில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் நான் யார் அவரைச் சொல்ல? நானும் அதே அறையில்தான் நின்றிருந்தேன். எனக்கும் வாய் இருந்தது.

அரிசியைக் கழுவிக் கழுவி அடுப்போரத்தில் காயவைத்து வறுத்துப் பொங்கிப் பார்த்தாள் அம்மா. எங்கள் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு கண்டது. மீந்த கம்பை லாத்தாவும் நாங்களும் படி போட்டுப் பிரித்துக்கொண்டோம். அது தீர்ந்ததும் லாத்தா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழக்கரையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என் கையில் மட்டும் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போனார்.

கார்த்திகையில் அம்மா கடைக்குப் போனாள். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் எங்களை நிற்க வைத்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் சாமான் கொடுத்து முடித்தார்.

"இராமநாதபுரத்துக்கு லாரியில போயி வாங்குனவுக, இந்தக் காகிதப் பொட்டலக் கடைக்கு எதுக்கு வாரீக தாயி?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "பிள்ளைக ரெண்டு நாளாச் சாப்பிடலண்ணே."

அவர் கொஞ்ச நேரம் படிக்கல்லை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்காமலேயே இரண்டு படி அரிசியை அளந்து அம்மாவின் மடியில் கொட்டினார். எனக்கு ஒரு பொரிகடலைப் பொட்டலமும் தந்தார். "வெள்ளிக்கிழமை கடலாடிக்கு எம் வண்டி போகுது" என்றார். "மூத்தவளுக்கு ஒரு மாத்துப் பாவாடை இருந்தாக் குடுத்து விடுங்க."

 அம்மா மடி அரிசியைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தாள். நான் பொரிகடலையைத் தின்றுகொண்டே பின்னால் போனேன். அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கூண்டு வண்டி வந்து நின்றது. அம்மா கடையில் கடனாக வாங்கிய எண்ணெயை அக்காவின் தலையில் தேய்த்து இறுக்கிப் பின்னிவிட்டாள். பின்னி முடித்தும் விடவில்லை, அவிழ்த்து மறுபடி பின்னினாள். வண்டிக்காரர், நேரமாகுது தாயி என்று மூன்று முறை சொன்னார். அய்யா மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். அம்மா அக்காவைக் கட்டிப்பிடித்து ஊரே கேட்க அழுதாள். அக்கா மட்டும் அழவில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு துணிமூட்டையை எடுத்துக்கொண்டு தானாகவே வண்டியில் ஏறினாள். நான் கொஞ்ச தூரம் வண்டிக்குப் பின்னால் சேற்றில் ஓடினேன்.

"அக்கா, ஒனக்கு அழுகை வரலையா?" என்று கத்தினேன்.

"சும்மா போடி" என்றாள். அவ்வளவுதான்.

மூன்று மாதம் என்று போனவள் மூன்று வருடம் கடலாடியில் இருந்தாள். அந்த வீட்டில் முதல் பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் இரண்டாவது பிறந்துவிட்டது. அக்கா அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. நான் போனேன், படித்தேன், வாத்தியாரம்மா ஆனேன், இன்று உங்களோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து வம்பு பேசுகிறேன். அம்மா சாகும்வரை ஒருநாளைக்கு மேல் சாமான் வாங்கி வைக்கவே இல்லை. நான் சம்பாதித்துக் கொடுத்த பிறகும் அன்றன்றைக்குத்தான் கடைக்குப் போனாள். அந்த மூட்டைகளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் எப்போதும் பேசியது கிடையாது.

அக்கா அழாமல் போனதை மட்டும் நான் வெகுகாலம் அவள்மேல் ஒரு குறையாக வைத்திருந்தேன். அரிசிச் சோறு கிடைக்கிற வீடு என்று தெரிந்ததும் எங்களை உதறிவிட்டுப் போனாள் என்று தெருப் பிள்ளைகளிடம் சொன்னேன். பெரியவளான பிறகும் அந்த எண்ணம் முழுக்கப் போகவில்லை. அவள் கல்நெஞ்சக்காரி என்று என் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

போன தை மாதம் அக்கா என் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கினாள். ஒருநாள் காலை சமையலறையில் இரண்டு பேரும் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தோம். என்ன தோன்றியதோ, எழுபது வருடம் வயிற்றுக்குள் கிடந்ததை அவளிடம் கொட்டிவிட்டேன். மூட்டைமேல் ஏறியது, கருப்பட்டி திருடியது, விரலில் ஒட்டிய அரிசி, சூட்டுக்குப் பயந்து பத்து நாள் வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். "நான் வாயத் தொறந்திருந்தா நீ கடலாடிக்குப் போயிருக்க வேணாம்க்கா" என்றேன்.

அக்காவின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும் பாத்தியாடி?"

எனக்கு உடனே விளங்கவில்லை. "நீயும்னா?"

"நானும்தான் கருப்பட்டிக்கு ஏறுனேன். ஒனக்கு முன்னாடியே. கையெல்லாம் ஈரம். அம்மா சூடு போட்டுருவாளேன்னு நானும் சொல்லாம இருந்துட்டேன். அப்புறம் வெள்ளிக்கிழமை வண்டி வந்து நின்னப்ப, நான் செஞ்சதுக்கு நான் போறதுதான மொறைன்னு நெனச்சேன். ரெண்டு வீட்டுச் சோத்தக் கெடுத்தவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அழுவா?"

கீரைத் தட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.  பதிமூன்று வயதுப் பிள்ளை, தானே தனக்குத் தண்டனை விதித்துக்கொண்டு, மூன்று வருடம் யாரோ பெற்ற பிள்ளைகளை இடுப்பில் சுமந்திருக்கிறாள். அதில் சரிபாதி நான் சுமந்திருக்க வேண்டியது.

"அன்னைக்கு வண்டிக்குப் பின்னாடி ஓடி வந்தேல்ல" என்றாள் அக்கா. "அப்ப நானும் பாத்தேன்க்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாக்கூட நான் அழுதிருப்பேன்டி."

சொல்லிவிட்டு, எண்பதைத் தாண்டிய என் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.